பலாப்பழம் ஏலம் எடுத்தவன் சொல்லும் வழி: சபைக்குப் புதியவர்கள் தாழ்மை பழக

சில வருடங்களுக்கு முன்பு ஏற்காட்டில் ஒரு சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பலாப்பழத்தை 5,200 ரூபாய்க்கு எடுத்தேன். அன்றைக்குச் சேலம் சந்தையில் அதே அளவுப் பழம் இருநூறு ரூபாய்க்குக் கிடைத்திருக்கும். காணிக்கையாக நினைத்துக் கொடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை வேறு. எனக்கு எதிராகக் கை தூக்கிக்கொண்டிருந்தவர் எனக்குப் பிடிக்காத மனிதர். எண்ணூறு ரூபாய் வரை ஆலயத்துக்காகக் கேட்டேன்; அதற்குமேல் கேட்டதெல்லாம் அவருக்காக. பழம் என் பெயருக்கு விழுந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் முழுக்க வாசனை பரவ, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலம் அஸ்தம்பட்டிக்கு வந்து சேர்ந்தேன். வீட்டில் மனைவி விலை கேட்டாள். "ஆயிரத்து இருநூறு" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வாயைத் திறந்தேன், வந்துவிட்டது. பெருமைக்கு எப்போதும் ஒரு எடுபிடி தேவைப்படும். பொய் கூப்பிடாமலே ஓடி வரும்.

சபைக்குப் புதிதாக வருகிறவர்களோடு ஞாயிறு பிற்பகலில் உட்கார்ந்து பேசும் வேலையைச் சில காலமாகச் செய்துவருகிறேன். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்கள், பல வருடம் விலகியிருந்து திரும்பி வந்தவர்கள், திருமணத்தின் வழியாக வந்தவர்கள் எனப் பலர். குடியைப் பற்றிக் கேட்பார்கள். ஜாதகம், நல்ல நேரம், புகையிலை எல்லாவற்றையும் கேட்பார்கள். "எனக்குப் பெருமை அதிகம், என்ன செய்யலாம்?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் என் காலத்தில் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்கான பதில்தான் கீழே வருவது.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தமிழில் இந்த விஷயம் தொடங்கும் இடத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. வள்ளுவர் 'பெருமை' என்று ஓர் அதிகாரமே வைத்து அதை உயர்ந்த குணமாகப் பேசுகிறார். வேதாகமத் தமிழில் அதே சொல் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. மகன் நல்ல மதிப்பெண் வாங்கியதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, பாவம் செய்துவிட்டேனோ என்று கலங்கிய ஒரு தாயை எனக்குத் தெரியும். ஆகவே பிரசங்கத்தில் 'பெருமை' என்று காதில் விழும்போது அகந்தை, மேட்டிமை, செருக்கு என்று மனதுக்குள் மாற்றிக் கேளுங்கள். எதிர்ப்பக்கத்துச் சொல்லைக் கத்தோலிக்கர் தாழ்ச்சி என்பார்கள். சீர்திருத்தச் சபையார் தாழ்மை, மனத்தாழ்மை என்பார்கள். அரிசிப்பாளையத்தில் குழந்தை இயேசு பேராலயத்துக்குப் போகிறவரும் அஸ்தம்பட்டியில் ஆராதனைக்குப் போகிறவரும் வேறு சொல்லால் ஒன்றையே சொல்கிறார்கள்.

சைவக் குடும்பத்திலிருந்து வருகிறவர்கள் 'ஆணவம்' என்றதும், உயிரைக் கட்டும் மூன்று அழுக்குகளான மும்மலத்தை நினைப்பார்கள். செம்பில் களிம்புபோல உயிரோடு தொடக்கமின்றி ஒட்டியிருப்பது என்று சித்தாந்தம் அதைச் சொல்லும். கிறிஸ்தவம் இங்கே வேறு வழியில் போகிறது. படைப்பு நல்லது என்றே ஆதியாகமம் தொடங்குகிறது. பெருமை பிறகு வந்தது, படைத்தவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு திரும்பல் அது. எனவே தீர்வும் உறவைச் சரிசெய்வதில்தான் இருக்கிறது. மன்னிப்புக் கேட்பதற்குக் கிறிஸ்தவத்தில் இவ்வளவு இடம் இருப்பதற்கு இதுவே காரணம்.

மகிழ்ச்சிக்கும் அகந்தைக்கும் எல்லை எங்கே என்று கேட்பீர்கள். லூக்கா 18ஆம் அதிகாரத்தில் ஆலயத்துக்கு ஜெபிக்கப் போன இருவரைப் பாருங்கள். ஒருவன் மத விதிகளைக் கறாராகக் காக்கும் பரிசேயன், மற்றவன் வரி வசூலிக்கும் ஆயக்காரன். பரிசேயன் வாரத்தில் இரண்டு முறை உபவாசிக்கிறான், வருமானத்தில் பத்தில் ஒன்று கொடுக்கிறான். அவன் ஜெபத்தில் பொய் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. 'இந்த ஆயக்காரனைப்போல நான் இல்லை' என்ற இடத்தில்தான் விழுகிறான். உங்கள் மகிழ்ச்சி நிற்பதற்கு இன்னொருவர் கீழே கிடக்க வேண்டியிருந்தால், அது அந்த நோய்தான். பலாப்பழத்தில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி, எதிரே இருந்தவர் கையைக் கீழே போட்ட அந்த நொடியில் கிடைத்தது.

கடைசியில் வருகிற சோதனை

4ஆம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியஸ், மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்கள் எட்டு என்று வரிசைப்படுத்தினார். பெருந்தீனி முதலில் வருகிறது. வீண்புகழும் பெருமையும் கடைசியில் வருகின்றன. மற்றவற்றை ஓரளவு ஜெயித்தவனைத் தேடி வருபவை அவை. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் போப்பாக இருந்த மகா கிரகோரி பட்டியலை மாற்றியமைத்தபோது, பெருமையை ஏழு பாவங்களில் ஒன்றாகக்கூட எண்ணவில்லை; ஏழுக்கும் வேர் என்று தனியே எடுத்து வைத்தார்.

குடிகாரனுக்குத் தான் குடிகாரன் என்று காலையிலாவது தெரியும். பெருமை நல்ல காரியங்களைத் தின்று வளர்வதால் தெரியாது. ஜெபிக்கத் தொடங்கினால் ஜெபத்தைத் தின்னும். அதை மறைத்தால், மறைத்ததைப் பற்றிப் பெருமைப்பட வைக்கும். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஜான் காசியன், வனாந்தரத்துப் பெரியவர்கள் வீண்புகழை வெங்காயத்துக்கு ஒப்பிட்டதாகச் சொல்கிறார். ஒரு தோலை உரித்தால் அடியில் இன்னொன்று இருக்கும்.

வேதாகமத்தில் இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் உசியா ராஜா. 2 நாளாகமம் 26ஆம் அதிகாரம். பதினாறு வயதில் அரியணை ஏறி எருசலேமில் 52 வருடம் ஆண்டவன். கோபுரங்கள் கட்டினான், துரவுகள் வெட்டினான். வேதாகமம் அவனை 'வெள்ளாண்மைப் பிரியன்' என்கிறது. காபித் தோட்டத்துக்காரர்களிடம் சொன்னால் உடனே பிடித்துப்போகும். அவன் கெட்டவனாக இருந்தபோது விழவில்லை. பலப்பட்ட பிறகு மனம் மேட்டிமையாகி, ஆசாரியருக்கு மட்டும் உரிய தூபகலசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குள் நுழைந்தான். அசரியா என்ற ஆசாரியனும் அவனோடு எண்பது ஆசாரியரும் தடுத்தார்கள். அவன் கோபம்கொண்டான். அங்கேயே நெற்றியில் குஷ்டம் தோன்றியது. சாகும்வரை தனி வீட்டில் இருந்தான். அவன் செய்யப் போனதும் ஆராதனைதான் என்பதைக் கவனியுங்கள்.

ஏற்காட்டுச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத்தான் பயப்படுவார்கள். உச்சியைப் பார்த்துவிட்டோம், ஏரியில் படகும் விட்டாயிற்று, இனி வீடுதான் என்ற எண்ணத்தில் வேகம் கூடும். பிரேக் சூடேறி வாசனை வரும்போதுதான் தெரியும். சபைக்கு வந்து ஆறு மாதம் ஒரு வருடம் ஆனவர்களுக்குச் சொல்கிறேன். முதல் பயபக்தி தணிந்து, பாட்டுப் புத்தகத்தில் எண்ணைச் சொன்னதும் பக்கம் திருப்பத் தெரிந்துவிட்ட அந்தக் காலம்தான் உங்கள் இறக்கம். கீழ்க்கண்டவற்றை அதற்கு முன்பே தொடங்குங்கள்.

1. எங்கே உட்காருவது

லூக்கா 14இல் இயேசு விருந்துக்குப் போன இடத்தில், வந்தவர்கள் முதல் இருக்கைகளைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்ன உவமை இருக்கிறது. போய்க் கடைசி இடத்தில் உட்கார் என்கிறார். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் முதல் வரிசை நாற்காலிக்காகச் சம்பந்திகளுக்குள் நடக்கும் மௌனப் போரைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஆனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, யாராவது வந்து "ஐயா, முன்னால் வாருங்கள்" என்று அழைக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பதும் நடக்கிறது. அழைக்காவிட்டால் மதியச் சாப்பாடு வரை வருத்தம் இருக்கும். முன் பின் என்று யோசிப்பதை விட்டுவிடுங்கள். தனியாக யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

2. இரவில் மூன்று கேள்விகள்

படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம் போதும். நோட்டுப் புத்தகம் வேண்டாம். எழுதினால் அழகாக எழுதத் தோன்றும். இன்று யார் பேசும்போது இடையில் புகுந்தேன்? யாருடைய தவற்றைத் திருத்தும்போது எனக்குள் ஒரு சுகம் வந்தது? யாருடைய நல்ல செய்தி எனக்குக் கசந்தது? மூன்றாவது கேள்வியில் தடுமாறாத நாள் எனக்கு மாதத்தில் நான்கைந்து இருந்தால் அதிகம்.

பதில் வந்ததும் ஆயக்காரனின் ஜெபத்தைச் சொல்லுங்கள்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." அவ்வளவுதான். கத்தோலிக்கத் திருப்பலியில் மார்பில் தட்டிக்கொண்டு 'என் பாவமே' என்று சொல்வதற்குப் பின்னால் நிற்பவனும் மார்பில் அடித்துக்கொண்ட அதே ஆயக்காரன்தான். நீண்ட பாவ அறிக்கை வேண்டாம். நான் எவ்வளவு பெரிய பாவி தெரியுமா என்று கடவுளிடமே பெருமை அடிக்கத் தொடங்கிவிடுவோம்.

அடுத்து, உங்களிடம் உள்ளது ஒன்றை நினைத்துக்கொண்டு பவுலின் கேள்வியைக் கேளுங்கள்: "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், நான்காம் அதிகாரம். உங்கள் குரல், படிப்பு, பேசுகிற தமிழ், சபைக்கு உங்களை முதலில் அழைத்து வந்தவர் என ஒன்றொன்றாக எடுத்துப் பாருங்கள். கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும்.

3. பெயர் இல்லாத வேலை

சேலத்துக் கொலுசுக்கு ஊரெல்லாம் பெயர். கொலுசு கட்டியவர் வருகிறார் என்று அவர் வருமுன் தெரியும். நம்மில் பலர் தர்மத்துக்குக் கொலுசு கட்டித்தான் அனுப்புகிறோம். மத்தேயு 6இல் இயேசு தாரை ஊதாதே என்கிறார். இங்கே சொல்லியிருந்தால் கொலுசைக் கழற்றிவிட்டுப் போ என்றிருப்பாரோ என்று எனக்குத் தோன்றும். மின்விசிறி அன்பளிப்புச் செய்துவிட்டு அதன் இறக்கையில் பெயரை எழுதிவைக்கும் வழக்கத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரண்டு போனால்தான் கொடுத்தவரைப் படிக்க முடியும்.

மூன்று மாதத்துக்கு ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். ஆராதனை முடிந்து டீ குடித்த டம்ளர்களைக் கழுவுவது, நாற்காலிகளை மடக்கி அடுக்குவது, மழைக் காலத்தில் வாசலில் சேறான மிதியடியைத் துவைப்பது போன்ற ஏதாவது ஒன்று. இரண்டு நிபந்தனைகள். அதற்கு ஏற்கெனவே ஒருவர் இருந்தால் அவருக்குக் கீழே அவர் சொல்கிறபடி செய்ய வேண்டும். உங்களுக்கு இன்னும் நல்ல முறை தெரிந்திருந்தாலும் முதல் மாதம் சொல்லக் கூடாது. குடும்பத்தாரைத் தவிர யாருக்கும் அதைப் பற்றிச் சொல்லக் கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் சொல்வதில் சேர்த்தி. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து கால உபவாசத்துக்கும் இதுவே விதி. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போங்கள்.

4. திருத்தப்படுவது

சீரியாவின் படைத்தலைவன் நாகமானுக்குக் குஷ்டம். யோர்தானில் ஏழு முறை மூழ்கு என்று எலிசா ஆள் அனுப்பிச் சொல்கிறார். தீர்க்கதரிசி தானே வாசலுக்கு வரவில்லை என்று அவனுக்குக் கோபம். எங்கள் தமஸ்குவில் இல்லாத ஆறா என்று கேட்கிறான். அவனைத் திரும்பவைத்தவர்கள் அவனுடைய வேலைக்காரர்கள். அந்தப் பயணமே தொடங்கியது அவன் வீட்டில் அடிமையாக இருந்த ஒரு சிறு பெண்ணின் வார்த்தையால். கீழே இருந்தவர்கள் சொன்னதைக் கேட்டதால் குணமானான்.

உங்களைவிடப் படிப்பிலோ வயதிலோ பணத்திலோ குறைந்த ஒருவரிடம் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். மலைமேல் காபித் தோட்ட வேலையிலேயே காலம் கழித்த ஒரு பாட்டியிடம் நான் வேதாகமத்துச் சங்கீதங்களைப் படித்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. கேட்டுக் கேட்டு மனப்பாடம். நான் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும்போது ஒரு வார்த்தையை விட்டேன் என்று நிறுத்தினார். இல்லை என்று வாதாடிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். விட்டிருந்தேன்.

5. மன்னிப்புக் கேட்பது

காணிக்கையோடு பலிபீடத்தண்டையில் நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு. மத்தேயு 5இல் இருக்கிற இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். எப்படிச் சொல்வது என்பதில்தான் நாம் வழுக்குகிறோம்.

"ஏதாவது தப்பாகப் பேசியிருந்தால் மன்னித்துவிடுங்கள்" என்பது மன்னிப்பு இல்லை. அந்த 'இருந்தால்' என்ற சொல் தப்பு நடந்ததா என்ற சந்தேகத்தை எதிராளி தலையில் வைக்கிறது. "நான் அப்படிப் பேசியது தவறுதான், ஆனால் நீங்களும்..." என்பதில் 'ஆனால்' வந்த உடனே முன்னால் சொன்னது அழிந்துபோகிறது. மைத்துனரிடம் சொல்லி அனுப்புவதும் பயனில்லை. நேரில் போங்கள், பெயர் சொல்லி, நடந்ததைச் சொல்லி, நிறுத்துங்கள்: "அண்ணா, நேற்றுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் உங்களைப் பேசவிடாமல் செய்தேன். அது தவறு. என்னை மன்னித்துவிடுங்கள்." அவர் மன்னிக்க மறுக்கலாம். அது அவருடைய உரிமை. மறுத்துவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லாமல் இருப்பது உங்கள் கடமை. காபி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.

6. சாட்சியும் பிறந்த வீடும்

புதியவர்களுக்கு என்றே உள்ள ஆபத்து இது. ஒருவர் புதிதாக வந்ததும் மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லச் சொல்வார்கள். முதல் முறை நடுக்கத்தோடு உண்மையைச் சொல்வார். கேட்டவர்கள் கண் கலங்குவார்கள். அடுத்த சபையில் அழைப்பார்கள். மூன்றாவது முறை, குடித்த பாட்டில் ஒன்று மூன்றாகியிருக்கும். பழைய பாவம் வளர வளரப் புதிய மனிதனுக்கு மதிப்புக் கூடுகிறது என்பதை மனம் கண்டுபிடித்துவிடும். அழைத்தால் ஒரு முறை சொல்லுங்கள். பிறகு ஒரு வருடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்காக உங்களிடம் மனத்தாங்கல் கொள்ளும் சபை, உங்களைவிட உங்கள் கதையை விரும்புகிறது.

இன்னொன்று வீட்டில் நடக்கும். முப்பது வருடம் விளக்கேற்றி வைத்து உங்களை வளர்த்த அம்மா அதே விளக்கின் முன் நிற்கிறார். நீங்கள் ஆறு மாதத்துக்கு முன் கேட்ட பிரசங்கத்தைக் கொண்டு அவரைத் திருத்தத் தொடங்குகிறீர்கள். பொங்கலுக்குப் போகாமல் இருப்பது, தம்பி கல்யாணத்தில் ஓரமாக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்காருவது, பிரசாதத்தை நீட்டிய கையைத் தட்டிவிடுவது எல்லாம் விசுவாசத்தின் உறுதி என்று அப்போது தோன்றும். பிரசாதத்தைச் சாப்பிடலாமா என்பதற்குச் சபைக்குச் சபை பதில் வேறுபடும். உங்கள் போதகரையோ பங்குத் தந்தையையோ கேட்டு நடங்கள். எந்தப் பதிலானாலும், வேண்டாம் என்று சொல்லும் விதம் உங்கள் கையில் இருக்கிறது. விக்கிரகங்களுக்குப் படைத்த உணவைப் பற்றிக் கொரிந்துச் சபை சண்டையிட்டபோது பவுல் அந்தப் பேச்சைத் தொடங்கிய வாக்கியம் இது: "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்." உணவைப் பற்றிய சட்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

என்னோடு படித்த ஒருவர், தாய் இறந்த பிறகுதான் இதைச் சொன்னார். அம்மாவிடம் கடைசி நான்கு வருடம் தான் பேசியதெல்லாம் வாதம் மட்டுமே, சாப்பிட்டாயா என்று ஒரு நாளும் கேட்கவில்லை என்றார். அவர் சொன்ன வாதங்களில் தவறு இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

செய்ய வேண்டியது எளிது. வாரம் ஒரு முறை வீட்டுக்குப் போங்கள், அல்லது போன் செய்யுங்கள். கேட்டால் மட்டும் உங்கள் விசுவாசத்தைப் பற்றிப் பேசுங்கள். மருந்துச் சீட்டு, ரேஷன், தண்ணீர்க் குடம் ஆகியவற்றை முதலில் கவனியுங்கள்.

7. எது தாழ்மை இல்லை

இதை நிதானமாகப் படியுங்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் உங்களுக்கு எதிராகவே யாராவது பயன்படுத்தக்கூடும்.

தமிழில் தாழ்தல் வேறு, தாழ்த்துதல் வேறு. முதலாவது தானே செய்வது. இரண்டாவது இன்னொருவருக்குச் செய்வது. பிலிப்பியர் 2இல் கிறிஸ்துவைப் பற்றிப் பவுல் சொல்லும்போது 'தம்மைத்தாமே வெறுமையாக்கி', 'தம்மைத்தாமே தாழ்த்தினார்' என்று தமிழ் வேதாகமம் சொல்கிறது. அந்தத் 'தம்மைத்தாமே'யில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே இருந்தவர் தானாக இறங்கினார். யோவான் 13இல் எழுந்து துண்டைக் கட்டிக்கொண்டு கால்களைக் கழுவியவர் போதகர். சீஷர்களிடம் என் காலைக் கழுவுங்கள் என்று அவர் கேட்கவில்லை. பெரிய வியாழனன்று கத்தோலிக்கக் கோவில்களில் குருவானவர் குனிந்து பாதம் கழுவுவது இதன் நினைவாகத்தான். அந்தச் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று 2016இல் போப் பிரான்சிஸ் விதியை மாற்றினார்.

ஆகவே தாழ்மையைப் பிரசங்கிக்கும் திசை முக்கியம். நம் தமிழ்ச் சபைகளில் சாதிவாரியாக உட்காரும் வழக்கம் இருந்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று எழுதியபோது தென்னாட்டுச் சபைகளில் அதற்கு எதிர்ப்புத்தான் கிளம்பியது. கல்லறைத் தோட்டத்திலும் கல்யாணப் பேச்சிலும் சாதி இன்னும் உயிரோடு இருக்கும் இடங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் தாழ்த்தப்பட்டவரைப் பார்த்து "கொஞ்சம் தாழ்மையாக இருங்கள்" என்று இன்னொருவர் சொன்னால், அங்கே பேசுவது அகந்தை. கணவன் அடிக்கிறான் என்று சொல்லும் பெண்ணிடம் தாழ்மையைப் போதிக்கிறவரும் அப்படித்தான். அவளுக்குத் தேவை பாதுகாப்பான இடமும் சட்டமும்.

பிரதான ஆசாரியன் முன் ஒரு சேவகன் இயேசுவை அறைந்தபோது, அவர் மௌனமாக வாங்கிக்கொள்ளவில்லை. நான் பேசியது தவறானால் எதுவென்று காட்டு, சரியானால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். யோவான் 18இல் இருக்கிறது. வள்ளுவரும் இரண்டு பக்கத்தையும் பார்த்தவர்: "பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு." செழிப்பில் பணிவு வேண்டும், வறுமையில் நிமிர்வு வேண்டும்.

கூன் போடுவதும், "நான் ஒன்றுமில்லாதவன்" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்வதும் இதில் சேராது. பாராட்டினால் "நன்றி" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள். மறுக்க மறுக்கப் பாராட்டு நீளும் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

எவ்வளவு காலம் ஆகும்

6ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஒழுங்கு எழுதிய புனித பெனடிக்ட் தாழ்ச்சிக்குப் பன்னிரண்டு படிகள் வைத்தார். உயர்த்திக்கொள்வதால் இறங்குகிறோம், தாழ்வதால் ஏறுகிறோம் என்பது அவர் ஏணியின் கணக்கு. எந்தப் படியில் நிற்கிறோம் என்று நம்மை நாமே அளந்துகொள்வது ஆபத்து. அளந்து, திருப்தி வந்தால் அன்றே முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூட இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். மனைவி, கணவன், அலுவலகத்தில் உங்களோடு டிபன் சாப்பிடுகிறவர், யாராக இருந்தாலும் மாதம் ஒருமுறை கேளுங்கள்: "நான் உங்களைப் பேசவிடாமல் பேசுகிறேனா?" பதில் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

என் மனைவிக்குப் பலாப்பழத்தின் உண்மை விலையைச் சொல்ல எனக்கு ஏழு மாதம் ஆனது. அவள் சிரித்தாள், சபையில் யாரோ மறு வாரமே சொல்லிவிட்டார்களாம். அதற்குப் பிறகு, ஏலத்தில் எதிரே நின்றவரைத் தேடி ஒரு சனிக்கிழமை மலையேறினேன். மேலே எழுதியிருக்கிறபடியே, 'ஆனால்' இல்லாமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணா, எனக்குப் பலாப்பழமே ஆகாது, வயிற்றுக்குச் சேராது. நீங்கள் எவ்வளவு தூரம் போவீர்கள் என்று பார்த்தேன்" என்றார்.

இப்போது நாங்கள் நண்பர்கள் என்று சொல்ல முடியாது. போன ஏலத்தில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சீட்டு எழுதினோம். நான் கேட்டு வாங்கிய வேலை அது. வலது கையில் பேனா இருந்தால் தூக்க முடியாது. இடது கையை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.